ஜூன் பிறப்பதற்குள் ஒரு நஷ்டம்

புளி எரியும்போது முதலில் நல்ல வாசனைதான் வரும், ஐயா. வெல்லப்பாகு காய்ச்சுகிற இடத்தில் நிற்பதுபோல இருக்கும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தொண்டையைப் பிடிக்கும். பாப்பாரப்பட்டியில் அன்று பலரும் யாரோ வெல்லம் காய்ச்சுகிறார்கள் என்று நினைத்துச் சந்தையிலேயே நின்றுவிட்டார்கள். தண்ணீர் வரத் தாமதமானது அதனால்தான். இதை என் அறிக்கையிலும் எழுதியிருக்கிறேன்.

ஏட்டு நிதானமாகவே எழுதட்டும். நானும் வேகமாகப் பேசுகிறவன் இல்லை.

நீங்கள் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து டீ வாங்கிக்கொடுத்தீர்கள். "அந்தக் கெழவிக்குப் புத்தி பெசகிப்போச்சு சார். நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்துட்டுப் போங்க, நான் ஃபைல மூடிடறேன்" என்றீர்கள். மரியாதையான பேச்சு. அந்த ஒரு வரியை எழுதத்தான் நானும் பேனாவைத் திறந்தேன். மறுபடி மூடிவிட்டேன். ஒரே நஷ்டத்துக்கு இரண்டாம் தடவையும் தவறான காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போடுவது எனக்கு முடியாத காரியம். குள்ளம்மாளுக்குப் புத்தி பிசகவில்லை. அவள் உங்களிடம் சொன்னது சரி. அது எப்படிச் சரி என்பதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் அருள்நாதன். தர்மபுரியில் குடியிருக்கிறேன். தீயிலோ மழையிலோ சரக்கு வீணாகிப்போனால், நேரில் போய்ப் பார்த்து, நஷ்டம் இவ்வளவு, காரணம் இது என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக்கொடுப்பது என் தொழில். அதற்கு அரசாங்க லைசென்ஸ் வைத்திருக்கிறேன். கம்பெனிகளை அரசாங்கமே எடுத்துக்கொண்ட பிறகும் இந்த ஜில்லாவில் எங்கே எரிந்தாலும் எனக்குத்தான் தந்தி வருகிறது.

என் அப்பா சவரி, நல்லம்பள்ளிப் பக்கம் மழையை நம்பிக் கேழ்வரகு விதைத்தவர். நான் பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு டவுனுக்கு வந்து, கடை கடையாக ஏறி இறங்கித் தீ இன்சூரன்ஸ் பிடிக்கும் ஏஜென்ட் ஆனேன். ஏஜென்டுக்கு அப்போதே லைசென்ஸ் உண்டு. கட்டணத்தை டிரஷரியில் செலான் போட்டுக் கட்ட வேண்டும். காலாவதி ஆவதற்குள் புதுப்பிக்க வேண்டும். மற்ற ஏஜென்டுகள் திட்டிக்கொண்டே கட்டினார்கள். நான் திட்டியதில்லை. ஒரு மண்டிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீ ஆருப்பா?" என்று கேட்டால், சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்ட எனக்கு ஒரு காகிதம் இருந்தது. அதற்கு முன் எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் அரசாங்கம் எந்தக் காகிதமும் கொடுத்ததில்லை.

நஷ்டம் மதிப்பிடுகிறவர்களுக்குத்தான் அந்தக் காலத்தில் ஒரு கட்டுப்பாடும் கிடையாது. யார் வேண்டுமானாலும் சாம்பலைப் பார்த்து ஒரு தொகையைச் சொல்லலாம். எங்கள் பக்கத்துக்குச் சேலத்திலிருந்து தீர்த்தகிரி என்பவர் காரில் வருவார். அவருக்கு வழி காட்டுவது, கடைக்காரரிடம் பேசுவது, கருகிய மூட்டைகளைப் புரட்டிப் பார்ப்பது எல்லாம் நான். ஏஜென்ட் வேலையோடு இதையும் பல வருடங்கள் செய்தேன். எனக்கு அது பிடித்திருந்தது. எரிந்துபோன இடத்துக்குள் நான் நுழையும்போது ஊர் முழுவதும் பேச்சை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கும். என்ன சொல்லப்போகிறேனோ என்று காத்திருக்கும். கேழ்வரகு விதைத்தவன் மகனை வேறு யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

அறுபத்தெட்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். இனி நஷ்டம் மதிப்பிடுகிறவனுக்கும் லைசென்ஸ் வேண்டும், அதற்கும் கட்டணம் உண்டு என்று ஆயிற்று. இன்ஜினியர், ஆடிட்டர் மாதிரிப் படிப்பு இருக்க வேண்டும். படிப்பு இல்லாதவன், சட்டம் அமலுக்கு வருகிற நாளில் அந்தத் தொழிலில் இருந்தவனாக இருக்க வேண்டும். அறுபத்தொன்பது ஜூன் பிறந்தால் அமல் என்றார்கள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருந்த மெஸ்ஸில் ஏஜென்டுகள் கூடி இதைப் பற்றிப் பேசினோம். ஆண்டி என்று ஒரு கிழட்டு ஏஜென்ட், சோற்றுக் கையை உதறிக்கொண்டு கத்தினார்.

"பீசு மேல பீசு. நாளைக்கு நாம செத்தாக்கூட, பொணத்துக்கு லைசென்ஸ் எடுத்தியான்னு கேப்பானுங்க."

"சட்டம் சரிதானுங்களே" என்றேன் நான். "கண்டவனெல்லாம் வந்து மதிப்புப் போட்டா, பாவம், பறிகொடுத்தவனுக்கு என்ன நியாயம் கெடைக்கும்? பொறுப்பானவன் கையிலதான் அந்த வேலை இருக்கோணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் அதை மனதாரத்தான் சொன்னேன், ஐயா. இன்றும் என் அபிப்பிராயம் அதுதான்.

எனக்குப் படிப்பு இல்லை. ஆகவே தொழிலில் இருந்தேன் என்று காட்ட வேண்டும். சேலத்துக்குப் போய்த் தீர்த்தகிரியிடம் ஒரு கடிதம் கேட்டேன். அவர் ஊஞ்சலை விட்டு இறங்கவில்லை.

"உம் பேரு எந்த ரிப்போர்ட்ல இருக்குது? காட்டு பாப்பம்" என்றார்.

எதிலும் இல்லை. எல்லாம் அவர் கையெழுத்து.

"ஏம்ப்பா, எம் பையைத் தூக்கிட்டு வந்தவனுக்கெல்லாம் லைசென்ஸ் குடுத்தா, கவர்மென்ட்டு எதுக்குப் பீசு வாங்கறது? ஏஜென்டாவே இரு. அதுதான் உனக்குச் செரி."

அவர் மனைவி எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் சொன்னதில் தப்பொன்றும் இல்லையே.

ஆனால் என் கம்பெனியின் சேலம் மேனேஜர் நல்ல மனிதர். என் நிலைமையைக் கேட்டுவிட்டு ஒரு வழி சொன்னார். "ஜூனுக்குள்ள உங்க பக்கம் ஒரு நஷ்டம் வரட்டும், அருள்நாதன். ஆர்டரை உங்க பேருக்கே போடறேன். நீங்களே பார்த்து, நீங்களே கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் ஒண்ணு இருந்தாப் போதும். ஆனா ஏஜென்டா இருந்துக்கிட்டே மதிப்பும் போடறது நல்லா இருக்காது. முதல்ல அதை விட்டுடுங்க." அன்றைக்கே என் ஏஜென்ட் லைசென்ஸை அவர் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

பிறகு காத்திருந்தேன்.

அந்த வருடக் கோடை உங்களுக்கு நினைவிருக்காது, நீங்கள் அப்போது வேறு ஜில்லாவில் இருந்திருப்பீர்கள். கிணறுகள் வற்றிவிட்டன. ஏரியில் மாடு மேய்ந்தது. அப்படிப்பட்ட வறட்சியிலும் எரிய வேண்டியது எதுவும் எரியவில்லை. எரிந்தவை குடிசைகள். குடிசையை யார் இன்சூர் செய்வார்கள்? பென்னாகரத்துப் பக்கம் ஒரு வரிசையே சாம்பலாயிற்று என்று கேள்விப்பட்டுப் பஸ் பிடித்து ஓடினேன். ஜனங்கள் தெருவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். எனக்கு அங்கே வேலை இல்லை. திரும்பிவிட்டேன்.

என் மனைவி ராயம்மாள் அதிகம் பேசாதவள். அவளே ஒருநாள் சொன்னாள். "ஏங்க, ஏஜென்ட் வேலையாச்சும் கையில இருந்துச்சு. அதையும் வுட்டுப்போட்டு ரெண்டுங்கெட்டானா நிக்கறீங்களே. பேசாம தீர்த்தகிரி ஐயாகிட்டயே போய்ச் சேந்துக்கங்க."

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றி வேண்டிக்கொண்டேன். எதற்காக வேண்டுதல் என்று சாமியார் கேட்டார். தொழிலுக்காக என்றேன். நான் கேட்டது ஒரு தீ. அதில் யாருக்கும் காயம் படக் கூடாது என்பதையும் சேர்த்துத்தான் கேட்டேன்.

மே மாதம் பாதியில் டிரஷரிக்குப் போய் லைசென்ஸ் கட்டணத்தைக் கட்டினேன். குமாஸ்தா செலானில் முத்திரை குத்திக்கொண்டே, "மனுவத் தள்ளிட்டாங்கன்னா பணம் திரும்ப வராதுங்க" என்றார். தெரியும் என்றேன். படியிறங்கும்போதுதான் நஞ்சப்பனின் கிடங்கு என் ஞாபகத்துக்கு வந்தது.

பாப்பாரப்பட்டியில் நஞ்சப்பன் புளி மண்டி வைத்திருந்தார். அவருக்குப் பாலிசி போட்டுக்கொடுத்தவனே நான்தான். ஊர் ஓரத்தில் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய நீளமான கிடங்கு. முன்பக்கம் பெரிய கதவு, அதற்குப் பூட்டு. பக்கவாட்டில் வேலைக்காரப் பெண்கள் வந்துபோகிற சின்னக் கதவு, அதற்கு வெளியே ஒரு தாழ்ப்பாள் மட்டும். அந்த வருடம் புளி நிறைய விளைந்து விலை விழுந்துவிட்டது. விற்க மனமில்லாமல் கூரை முட்ட அடுக்கி வைத்திருந்தார். எரிந்தால் பாலிசியில் எழுதிய விலை வரும். விற்றால் அதில் முக்கால் பங்கும் வராது. சந்தை நாளில் பெண்களுக்கு வேலை இல்லை. சுற்றிலும் வேறு வீடு கிடையாது. கம்பெனி பெரிய கம்பெனி, அதற்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. எப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும், பாதிக்கப்படுகிறவர் என்று ஒருவரும் அதில் இல்லை. அப்படி ஒரு நஷ்டத்தைத் தேர்ந்தெடுக்க என்னைப்போல விஷயம் தெரிந்தவனால்தான் முடியும்.

மே மாதத்துக் கடைசிச் சந்தை நாள். நடுப்பகலில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். ஒளிந்து மறைந்து போகவில்லை. என்னை அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும், வணக்கம் சொன்னவர்களுக்கு வணக்கம் சொன்னேன். கிடங்கின் பக்கக் கதவு வழியாக உள்ளே போனேன். மண்ணெண்ணெய் கொண்டுபோகவில்லை, அதன் வாசனையை முதலில் கண்டுபிடிக்கிறவன் என்னைப்போல் ஒருவனாக இருப்பான். காய்ந்த கோணியும் தீக்குச்சியும் போதுமானதாக இருந்தன. வெளியே வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். திறந்து கிடந்தால் ஆடு புகுந்துவிடும்.

பிறகு சந்தைக்குப் போய் மிளகாய் விலை கேட்டுக்கொண்டிருந்தேன். நல்ல வாசனை வந்தது. ஏற்கனவே சொன்னேன். அது தொண்டையைப் பிடித்த பிறகுதான் யாரோ கூரையைப் பார்த்துக் கத்தினார்கள். கூட்டத்தோடு நானும் ஓடினேன்.

எங்களையெல்லாம் முந்திக்கொண்டு ஒரு பெண்பிள்ளை ஓடினாள். கூடையும் காசும் சந்தையில் கிடந்தபடி கிடக்க, தலை அவிழ்ந்து ஓடினாள். அவள்தான் குள்ளம்மாள். கீரை விற்கிறவள்.

"செல்லி உள்ளாற படுத்திருக்கறா. எம் மவ உள்ளாற இருக்கறாங்க. கதவத் தொறங்க, யாராச்சும் தொறங்க."

செல்லி அவளுடைய மூத்த மகள். இருபது வயது இருக்கும். நஞ்சப்பனின் கிடங்கில் புளியங்கொட்டை எடுக்கிற வேலை. அன்று அவளுக்குக் காய்ச்சல். அவர்கள் வீடு தகரக்கூரை. மத்தியானத்தில் உள்ளே இருக்க முடியாது. கிடங்குக்குள் குளிர்ச்சியாக இருக்கும் என்று தாயே கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட்டுச் சந்தைக்கு வந்திருக்கிறாள். நான் வீட்டிலிருந்து கிளம்பும்போது இதெல்லாம் எனக்குத் தெரியாது, ஐயா. சத்தியமாகத் தெரியாது.

நஞ்சப்பன் குள்ளம்மாளின் இடுப்பைக் கட்டிப் பிடித்து நிறுத்தினார். அவர் கையைக் கடித்தாள். விடவில்லை. கூரை விழுந்தது. நானும் குடம் சுமந்தேன், என் இடது கையில் இந்தத் தழும்பு அன்று பட்டதுதான். நெருப்பு அடங்கியபோது முதலில் உள்ளே போனவர்களில் நானும் ஒருவன். செல்லி பக்கக் கதவுக்கு அருகில் கிடந்தாள். கதவு எரிந்து உள்பக்கமாக விழுந்திருந்தது. எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவுப் பலகையில் இரும்புத் தாழ்ப்பாள் போட்ட நிலையிலேயே இருந்ததை நான் மட்டும் பார்த்தேன். ஈரக் கோணியால் அதைப் பிடித்துப் பின்னுக்குத் தள்ளிவிட்டேன். சிரமப்பட்டுத்தான் நகர்ந்தது. சூட்டில் இரும்பு கொஞ்சம் வளைந்திருந்தது.

சேலத்துக்குத் தந்தி கொடுத்தேன். மேனேஜர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மே மாதம் முடிவதற்குள் ஆர்டர் என் பெயருக்கு வந்துவிட்டது.

நான் தனியாகப் போய்ப் பார்த்த முதல் நஷ்டம் அது. ஊர் சுற்றி நின்றது. பேச்சு நின்றது. நஞ்சப்பன் முகம் செத்துப்போயிருந்தது. விலை விழுந்த வருடத்தில் சரக்கு எரிந்தால் முதலில் சந்தேகப்படுவது சொந்தக்காரரைத்தான். போலீசும் அவரைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு நிரபராதி மாட்டிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை. செல்லி கிடந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி மூன்று கற்கள் இருந்தன. மூட்டை ஈரம் இழுக்காமல் இருக்க அடியில் கொடுக்கிற கற்கள். நான் குனிந்து அவற்றை அளந்தேன். "அடுப்பு" என்று எழுதிக்கொண்டேன்.

குள்ளம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் அழவில்லை.

"அது அடுப்பு இல்லீங்க சார். மூட்டக் கல்லுங்க."

"கரி படிஞ்சிருக்குதேம்மா."

"எல்லாத்துலயும்தாங்க கரி படிஞ்சிருக்குது."

"காச்சலோட கெடந்தவ, கஞ்சி வெச்சுக் குடிக்கலாம்னு மூட்டியிருப்பா. அவ மேல தப்பில்லம்மா. அறியாப் புள்ள."

"எந்திரிச்சு ஒக்கார முடியாதவ, எப்படிங்க சார் அடுப்பு மூட்டுவா? ஆருகிட்ட நெருப்பு வாங்குவா?"

நான் மேலே எழுதிக்கொண்டே போனேன். காரணம், கிடங்கினுள் வேலையாள் அஜாக்கிரதையாக மூட்டிய அடுப்பு. கதவு, தாழிடப்படவில்லை. புகையில் மயங்கியதால் வெளியேறவில்லை. கையெழுத்து. அதற்குக் கீழே என் பெயர். போலீசும் என் அறிக்கையைப் பார்த்துவிட்டு விபத்து என்று முடித்தார்கள். நஞ்சப்பன் தப்பினார். பணம் வந்ததும் ஒரு கூடை பழமும் ஒரு கவரும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். திருப்பியனுப்பிவிட்டேன். லைசென்ஸ் வாங்கப்போகிறவன் அப்படியெல்லாம் கை நீட்டக் கூடாது.

லைசென்ஸ் வந்தது. ராயம்மாள் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினாள். அதற்குப் பிறகு இந்த வருடங்களில் நான் பார்த்த நஷ்டங்கள் எத்தனையோ. ஒரு இடத்திலும் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை. அரூரில் லாரி கவிழ்ந்த வழக்கில் கம்பெனியே குறைக்கச் சொன்னது, நான் குறைக்கவில்லை. தீர்த்தமலைக்குப் போகிற வழியில் கடை எரிந்துபோன ஒரு விதவைக்கு முழுத் தொகையும் வாங்கிக்கொடுத்தேன். அந்த அம்மா என் காலில் விழுந்தது. விசாரித்துப் பாருங்கள். என்னைப்போல ஒருவனுக்குக் கிடைத்திருக்காவிட்டால், அந்த லைசென்ஸ் யாரிடம் போயிருக்கும் என்று நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

குள்ளம்மாள் முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்தது அந்த வருடம் மழைக்காலத்தில். சின்ன மகள் கோவிந்தம்மாளையும் கூட்டிவந்திருந்தாள். வாசலிலேயே நின்றார்கள். ராயம்மாள் உள்ளே வரச் சொன்னாள்.

"சார், இவள ஒரு மண்டியிலயும் வேலைக்குச் சேக்க மாட்டேங்கறாங்க. தீ வெச்சவ தங்கச்சின்னு சொல்றாங்க. நீங்க எழுதுனதுதான் எல்லாத்துக்கும் பெருசாம். அந்த அடுப்புங்கற வார்த்தய மட்டும் எடுத்துப்போடுங்க சார். வேற ஒண்ணும் வேண்டாம்."

கொடுத்துவிட்ட அறிக்கையை மாற்றச் சட்டத்தில் இடமில்லை என்று விளக்கினேன். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். ராயம்மாள் ஒரு படி ராகி போட்டுக்கொடுத்தாள். அதை வாங்கிக்கொள்ளவில்லை.

அதன் பிறகு வருடத்துக்கு ஓரிரு தடவை வருவாள். எப்போதும் அந்த ஒரு வார்த்தையைத்தான் கேட்பாள். கோவிந்தம்மாளைப் பெண் பார்க்க வந்தவர்களும் இதைக் கேள்விப்பட்டுத் திரும்பிப்போனார்கள் என்று ஒருமுறை சொன்னாள். பிறகு அந்தப் பெண் பெங்களூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போய்விட்டது. நான் ஒருநாளும் குள்ளம்மாளை விரட்டியதில்லை, ஐயா. குரலை உயர்த்தியதில்லை. வந்தால் உட்காரச் சொல்லுவேன். எனக்கும் அவள்மேல் இரக்கம் உண்டு.

இந்தத் தடவை வந்தபோது ரொம்பவும் இளைத்திருந்தாள். வார்த்தையைப் பற்றிக் கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்துகொண்டு வேறொன்றைக் கேட்டாள்.

"சாவறப்போ எம் புள்ள ரொம்பத் துடிச்சிருக்குமுங்களா சார்? நீங்க எத்தனையோ நெருப்பப் பாத்தவங்க. பொய் சொல்லாமச் சொல்லுங்க. ஒறக்கமே வர மாட்டேங்குது."

அவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அது மனிதத்தன்மைதானே.

"இல்லம்மா. அவளுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது. காச்சல் வேகத்துல அசந்து கெடந்தா. நெத்தியில ஈரத்துணிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, சுவத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்திருந்தா. பொகையிலேயே மயங்கியிருப்பா."

குள்ளம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாகப் பேசினாள்.

"அந்த ஈரத்துணி எஞ்சீலையில கிழிச்சதுங்க. சந்தைக்குக் கெளம்பறப்போ, உள்ளார வெச்சு நான் கட்டிவுட்டது. நெருப்புல அதுவும் போயிருக்குமே. அது உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"நீ சொல்லித்தாம்மா தெரியும்" என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். ராயம்மாள் அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் டம்ளர் இருந்தது. குள்ளம்மாள் கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. எழுந்தாள். சேலையை உதறிக்கொண்டு படியிறங்கிப் போனாள். நேராக உங்களிடம் வந்திருக்கிறாள் என்பது இன்று காலை நீங்கள் ஆளனுப்பியபோதுதான் தெரிந்தது.

ராயம்மாள் மறுநாள் காலையில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது கதவை வெளியே சாத்தினாள். தாழ்ப்பாள் போடவில்லை. நான் உள்ளேயிருந்து காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஏட்டு எழுதுவதை நிறுத்திவிட்டார். நீங்களும் அதைத்தான் கேட்க வருகிறீர்கள். அவளை எப்போது பார்த்தேன் என்று.

அதையும் சொல்லிவிடுகிறேன். விடுபட்டால் அறிக்கை முழுமையாகாது.

வெயிலிலிருந்து உள்ளே போனதும் எனக்குக் கண் தெரியவில்லை. மூட்டைகளுக்கு நடுவே ஏதோ அசைந்தது.

"ஆருங்க அது?"

"நான்தாம்மா. இன்சூரன்ஸ் அருள்நாதன்."

"மொதலாளி சந்தைக்குப் போயிட்டாருங்க." எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. அப்போதுதான் நெற்றித் துணியைப் பார்த்தேன். அதிலிருந்து தண்ணீர் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது.

"காச்சலா?"

"ஆமாங்க. நேத்துலேர்ந்துங்க."

நான் நின்றேன். மே மாதத்தில் வேறு சந்தை இல்லை. செலான் கட்டியாகிவிட்டது. ஏஜென்ட் லைசென்ஸையும் ஒப்படைத்துவிட்டேன். இதையெல்லாம் நினைத்துக்கொண்டு நின்றது கொஞ்ச நேரம்தான். அவள் எனக்காகச் சிரமப்பட்டு மறுபடி எழ முயன்றாள். பெரிய மனிதர் நிற்கும்போது படுத்திருக்கக் கூடாது என்று நினைத்திருப்பாள்.

"எந்திரிக்காதம்மா, படுத்துக்க. வெயில் உள்ளார அடிக்குது. நான் போறப்போ கதவச் சாத்திட்டுப் போறேன்" என்றேன்.

"செரிங்க" என்று சொல்லி, சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்த நிமிடம் வரைக்கும் நான் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்திருக்கவில்லை, ஐயா. தீப்பெட்டி என் சட்டைப் பையிலேயே இருந்தது. அவள் கண்ணை மூடட்டும் என்று காத்திருந்துதான் எடுத்தேன்.